ஒன்பது மைல் ஈக்கள்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இருபத்தைந்து வருடமாகக் கூரையில் ஓடு அடுக்கிய விரல்கள் இவை. பேனாவைப் பிடித்தால் அது ஒரு பக்கம் போகிறது, நான் ஒரு பக்கம் போகிறேன். படித்தது நாலாம் வகுப்பு. எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது எனக்கு இன்னும் தகராறுதான். நகல் எழுதுகிறவர் பொறுமையாகத் திருத்திக்கொள்ள வேண்டும்.

எங்கள் வாசகசாலைக் கையெழுத்துப் பத்திரிகைக்கு, வெளிநாடு போய்வந்தவர்கள் பயணக் கட்டுரை தரலாம் என்று பலகையில் எழுதிப் போட்டிருந்தார்கள். ஒருவர் கொழும்பைப் பற்றி எழுதினார். இன்னொருவர் ரங்கூனைப் பற்றி எழுதினார். நான் கடல் தாண்டியவன் அல்ல. ஆனால் போன வருடம் நான் போய்வந்த இடம் இப்போது வேறு மாநிலம். களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு. பாறசாலையைக் கடந்து, காரக்கோணத்துக்கு மேலே, ஒன்பது மைல் தள்ளி, ஒரு குன்றில் அந்த ஊர். போனபோது எல்லாம் ஒரே ராஜ்யம். எழுதும்போது நடுவில் எல்லை வந்து விழுந்துகிடக்கிறது. ஆகவே எனக்கும் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

என் பெயர் நேசையன். அப்போது வயது நாற்பத்திரண்டு, கல்யாணம் ஆகவில்லை. காரணம் கூச்சம். ஓடு மேய்கிற தொழிலுக்கு வந்ததே, கூரை மேல் இருந்தால் யாரும் பேச்சுக் கொடுக்கமாட்டார்கள் என்பதால்தான். பெண் பார்க்கப் போனால் தலையைத் தூக்கமாட்டேன். பையனுக்குக் கழுத்தில் ஏதோ கோளாறு என்று இரண்டு இடத்தில் வேண்டாம் என்றார்கள். மூன்றாவது இடம் இந்தக் குன்று. பெண் பெயர் தாசம்மாள், வயது முப்பத்தாறு, ரேந்தை, அதாவது நூல் லேஸ், பின்னுகிறவள். முக்கால் மணி நேரம் எதிரே உட்கார்ந்திருந்தேன். தட்டில் எத்தனை முறுக்கு இருந்தது என்று இப்போதும் சொல்வேன். ஏழு. அவள் முகம் எப்படி என்று கேட்டால் தெரியாது. ஆனாலும் சம்மதம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் கிறிஸ்தவ சபைகளில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பெண், மாப்பிள்ளை பெயரை ஆராதனையில் வாசித்து, யாருக்காவது தடை உண்டா என்று கேட்பார்கள். இதற்கு ஓலை வாசிப்பு என்று பெயர். மூன்றாவது வாசிப்புக்கு முன், மாப்பிள்ளை சபைப் போதகரின் சீட்டு பெண்ணின் சபைக்குப் போய்ச் சேர வேண்டும். செவ்வாய்க்கிழமை கல்யாணம். புதன்கிழமை லெந்து என்கிற தவக்காலம் தொடங்குகிறது. லெந்து நாற்பது நாளும் கல்யாணம் நடக்காது. ஏற்கெனவே ஒரு தடவை, எங்கள் பகுதி எந்த மாநிலத்தோடு சேர்வது என்ற போராட்டத்தில் சாலை அடைபட்டுத் தள்ளிப்போயிருந்தது. பெண்ணின் அண்ணன் செல்லையன், "இந்த மட்டமும் தெற்றிச்சுன்னா காட்டாக்கடையில ஒரு ஆளு கேட்டுட்டு நிக்குது" என்று சொல்லி அனுப்பியிருந்தான். இந்தத் தடவையும் தவறினால் பெண் அந்த ஆளுக்கு என்று அர்த்தம்.

சனிக்கிழமை காலையில் பார்த்தால் பஸ் இல்லை. மறுபடியும் கடையடைப்பு. சீட்டைக் கொண்டுபோக வேண்டிய, எங்கள் சபைக் கோயில் மணியடிக்கிறவர், "தமிழு மிண்டினா ஒரு கூட்டம் பிடிக்கும், மலையாளம் மிண்டினா மறு கூட்டம் பிடிக்கும், நான் வீட்டிலேயே மிண்டாம இருக்கியேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டார். என் அத்தானுக்குக் காய்ச்சல். மிஞ்சியது நான் ஒருவன். ஆனால் பெயர் வாசிக்கிற நாட்களில் மாப்பிள்ளை பெண் ஊரில் தலைகாட்டக்கூடாது. அது கட்டாயமான வழக்கம்.

"நீ மாப்பிளைன்னு ஒரு ஆளுக்கும் தெரியண்டாம்" என்றாள் அக்கா. "சீட்ட போதகருக்க கையில குடுத்துட்டு ஓடி வந்திரு."

"சரி எக்கா."

"வெறுங்கையோட போவியா? இந்தா, இந்த வருசத்துக்க முதல் பாணியாக்கும்."

பாணி என்பது பதநீரைக் காய்ச்சி, கருப்பட்டியாக இறுகுவதற்கு முன்பே இறக்குகிற பாகு. பதம் முற்றி இறக்கினால் வருடக்கணக்கில் இருக்கும். முற்றாமல் இறக்கினால் குலுங்கக் குலுங்க நுரைக்கும். அக்கா அன்று அவசரத்தில் இறக்கினாள். அதை என்னிடம் சொல்லவில்லை. ஒரு மண்பானையில் ஊற்றி, வாயைப் பனையோலையால் கட்டித் தந்தாள். தையல்காரரிடம் சைக்கிள் இரவல் வாங்கினேன். அதற்குப் பின் மட்கார்டு கிடையாது. பிரேக் ஒன்று உண்டு. பானையைக் கேரியரில் கயிறு சுற்றிக் கட்டினேன். சீட்டை மடித்துத் தொப்பிக்குள் வைத்தேன்.

சமதரையில் பறந்தேன். சாலையில் ஒரு வண்டி இல்லை. பாறசாலையில் கடைகள் எல்லாம் அடைத்துக்கிடந்தன. காற்று சட்டைக்குள் புகுந்து புடைத்தது. வயதான மனிதன் செய்யக்கூடாததுதான், ஆனாலும் இறக்கத்தில் இரண்டு காலையும் பெடலில் இருந்து தூக்கி நீட்டினேன். யாரும் பார்க்கவில்லை.

பிறகு ஏற்றம் வந்தது.

ஏற்றத்தில் எனக்குப் புரிந்த ஒரு விஷயத்தை இங்கே எழுதிவைக்கிறேன். ஈக்கு விருப்பமான ஒரு வேகம் உண்டு. அதைவிட வேகமாகப் போகிறவனை அது விட்டுவிடும். நிற்கிறவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விடும். ஆனால் நாற்பத்திரண்டு வயதுக்காரன் ஒருவன் ஏற்றத்தில் சைக்கிள் மிதிக்கிற வேகம் இருக்கிறதே, அதுதான் ஈக்கு மிகவும் விருப்பமான வேகம். மூச்சிரைத்து வாயைத் திறந்தால் வாய்க்குள் வருகிறது. மூடினால் மூக்கு. கண் ஈ என்று ஒரு சின்ன ஜாதி, கண்ணீரைக் குடிக்க வருவது, சரியாக இமை ஓரத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கையை எடுத்து விரட்டினால் சைக்கிள் பள்ளத்துக்குப் போகிறது. தலையை ஆட்டினால் தொப்பி விழுகிறது. தொப்பியில் சீட்டு. நான் புருவத்தாலேயே விரட்டப் பழகிக்கொண்டேன்.

ஊதிப் பார்த்தேன். கீழ் உதட்டை நீட்டி மேலே ஊதினால் கண் ஈ போகும், ஆனால் மிதிக்க மூச்சு இருக்காது. பாடிப் பார்த்தேன். கீர்த்தனையின் இரண்டாவது அடியில் ஒன்றை விழுங்கிவிட்டேன். நொச்சிக் கிளை ஒன்றை ஒடித்துக் காலரில் செருகினேன். ஈக்கள் அதில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு மறுபடி வந்தன.

பாதி ஏற்றத்தில் ஒருத்தி இரண்டு மாடுகளை ஓட்டிக்கொண்டு இறங்கி வந்தாள். அவள் என்னைக் கடந்தாள். அவ்வளவுதான், மாட்டின் மேல் இருந்த பெரிய ஈக்கள் எல்லாம் எழுந்து என்னிடம் வந்துவிட்டன. மாட்டு ஈ கடித்தால் ஊசி ஏற்றுகிற மாதிரி இருக்கும். மாடுகள் ஆச்சரியப்பட்டு நின்றுவிட்டன.

"ஓய்!" என்று பின்னால் இருந்து கூப்பிட்டாள். "எனக்க மாட்டுக்க ஈச்சய மொத்தமும் கொண்டு போறீரு. இனி நாளைக்கும் வருவீரா?"

நான் சைக்கிளை நிறுத்தித் தலையைக் குனிந்துகொண்டேன். பெண்களிடம் பேசி எனக்குப் பழக்கமில்லை. என் நிலைமையைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது. ஓரத்தில் இருந்த குடிசைக்குள் போய், காய்ந்த தேங்காய் மட்டை ஒன்றில் கனல் வைத்துக் கொண்டுவந்து, கேரியருக்கு அடியில் கம்பியால் கட்டிவிட்டாள்.

"பொகை உண்டுன்னா ஒரு ஈச்ச அடுக்காது. போவும்."

புகை நன்றாக வந்தது. ஆனால் காற்று கீழிருந்து மேலே வீசியதால், புகை முழுவதும் என்னை முந்திக்கொண்டு என் கண்ணுக்கு வந்தது. இப்போது கண் ஈக்களுக்குக் குடிக்கக் கண்ணீரும் நிறையக் கிடைத்தது.

அடுத்த வளைவில் ஒரு போலீஸ்காரர் நின்றார். கலவரக் காலம். பின்னால் புகை விட்டுக்கொண்டு, கண் சிவந்து, ஒரு பானையோடு ஒருவன் சைக்கிளில் வந்தால் அவர் என்ன நினைப்பார்? லத்தியை நீட்டி நிறுத்தினார். மலையாளத்தில் கேட்டதை நான் தமிழில் எழுதுகிறேன்.

"எங்கே தீ வைக்கப் போகிறாய்?"

"கல்யாணச் சீட்டு கொண்டுபோகிறேன்."

"யாருக்குக் கல்யாணம்?"

எனக்கு என்று சொல்ல வெட்கம். "எனக்குத் தெரிந்த ஒருவருக்கு" என்றேன்.

பானைக்குள் வெடியா என்று பார்க்க அவர் சைக்கிளுக்குப் பின்னால் போனார். பிறகு என் முதுகில் ஒரு விரல் பட்டது.

"இது என்ன?"

திரும்பிப் பார்த்தேன். அவர் விரலை முகர்ந்து பார்த்தார். நாக்கில் வைத்தார். முகம் மலர்ந்தது. "பாணி அல்லவா!"

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. பாணி நுரைத்து, ஓலைக் கட்டைத் தாண்டி வழிந்து, டயரில் விழுந்து, சமதரையில் நான் பறந்து வந்த வேகத்தில் டயர் அதை என் முதுகில் அடித்திருக்கிறது. இடுப்பில் இருந்து பிடரி வரை ஒரு சாண் அகலத்துக்கு நான் பலகாரமாகிவிட்டேன். மூன்று மைல் தூரம் ஈக்களைத் திட்டினேனே, அவை என்ன செய்யும்?

போலீஸ்காரர் சாலை ஓரத்தில் உட்கார்ந்து சிரித்தார். கடையடைப்பு தொடங்கியதிலிருந்து சிரிக்கவில்லை என்றார். அதற்குள் ஒரு மாட்டு ஈ அவர் கழுத்தில் கடித்தது, இன்னொன்று காதில். எழுந்து, "போ, போ, சீக்கிரம் போ!" என்று சைக்கிளைத் தானே பிடித்து ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு ஓடினார். பத்திருபது அடி அரசாங்கம் என்னைத் தள்ளியது.

மிஞ்சிய பாணியையாவது காப்பாற்ற வேண்டுமே. கனல் மட்டையைக் கழற்றி அணைத்துவிட்டு, பானையை முன்னால் ஹாண்டில்பாரில் தொங்கவிட்டேன். கண் முன்னால் இருந்தால் வழியாது என்று நினைத்தேன். அதில் உள்ள பிசகு ஒரு பர்லாங் போன பிறகுதான் தெரிந்தது. கடந்தைகள் வந்தன. இடுப்பு ஒடுங்கிய, சிவப்பும் கருப்புமான பெரிய குளவிகள். அவற்றுக்கு வேண்டியது பானை. ஆனால் பானைக்கு நேர் மேலே இருந்தது என் முகம். முதல் ஒன்றைக் கையால் தட்டிவிட்டேன். அதைச் செய்திருக்கக்கூடாது. உதட்டில் ஒன்று, இமையில் ஒன்று, மூக்கில், நெற்றியில், தாடையில், காதில். எண்ணிக்கொண்டே மிதித்தேன். பானையை வீசியிருக்கலாம். ஆனால் அக்காவின் முதல் பாணி. அதோடு வெறுங்கையோடு போவது எப்படி?

குன்றின் உச்சியில், ஊருக்குள் நுழைகிற இடத்தில், பொன்னம்மை என்று ஒரு பெண்மணியின் சாயைக்கடை, அதாவது தேநீர்க்கடை. முன் கதவை அடைத்து, பின் கதவு வழியாக வியாபாரம். என்னைப் பார்த்ததும், "எனக்க பகவதியே! இது மொகமா, பலாச்சக்கையா?" என்று உள்ளே இழுத்துப் போட்டு, கொட்டிய இடமெல்லாம் சுண்ணாம்பு தடவினாள்.

போதகர் வெளியூர்ச் சபைக்குப் போயிருக்கிறார், ஞாயிறு காலை நேராக ஆராதனைக்குத்தான் வருவார் என்றும் அவள்தான் சொன்னாள். கொடுத்துவிட்டு ஓடும் திட்டம் போயிற்று. வேறு யாரிடமும் கொடுத்துவிட மனம் துணியவில்லை. அங்கேயே தங்கினேன். அவித்த மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் குழம்பும் தந்தாள். எங்கள் வீட்டில் தேங்காய் அரைத்து விடுவார்கள். அங்கே காந்தாரி மிளகாயும் புளியும் மட்டும், நாக்கில் மின்சாரம் பிடித்த மாதிரி. வீங்கிய உதட்டோடு இரண்டு தட்டு தின்றேன். பால் விடாத கட்டன் சாயை மட்டும் எங்கள் ஊர்தான் கொள்ளாம், அதாவது நல்லது. அவர்கள் சீனி போடுகிறார்கள். அதற்குப் பதில் என் பானையில் இருந்து ஒரு கரண்டி பாணியை ஊற்றிக் காட்டினேன். பொன்னம்மை குடித்துவிட்டு, கடந்தைகள் செய்தது நியாயம்தான் என்றாள்.

சட்டையைத் துவைத்து, பின்னால் நின்ற கொல்லாமரம் என்கிற முந்திரிமரத்தின் கிளையில் காயப்போட்டேன். கொல்லாமரத்தில் சிவப்பு முசிறு எறும்பு கூடு கட்டும், அதில் துணி போடக்கூடாது என்பது எங்கள் பக்கம் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். அன்று எனக்கு ஒரு கண்தான் திறந்திருந்தது.

ஞாயிறு காலை கண்ணாடி பார்த்தேன். உள்ளே யாரோ ஒருவன் இருந்தான். மூக்கு இல்லை, கன்னம் இரண்டும் சேர்ந்துவிட்டன. எனக்கு முதலில் பயமாக இருந்தது. பிறகு, எப்படிச் சொல்வேன், பெரிய சந்தோஷம் வந்தது. இந்த முகத்தோடு நான் யார் என்று எவருக்கும் தெரியாது! பிறந்ததிலிருந்து முதல் தடவையாகத் தலையை நிமிர்த்திக்கொண்டு ஒரு தெருவில் நடந்தேன். எதிரே வந்தவர்களை எல்லாம் பார்த்தேன். இருவருக்கு வணக்கம்கூடச் சொன்னேன்.

போதகர் சீட்டை வாங்கிப் படித்து, மகிழ்ந்து, கடையடைப்பிலும் வந்த தூதுவன் என்று என்னை முன் வரிசையில் உட்கார வைத்துவிட்டார். ஓட வழியில்லை. பின்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

"மூணாம் ஓலை இண்ணைக்கு வாசிக்குமாக்கும். மாப்பிளைக்க பேரு நேசையன்."

"ஆளு எப்பிடி?"

"தலையத் தூக்கமாட்டானாம் மைனி. கழுத்தில எலும்பு இல்லேன்னு பேச்சு."

"அப்போ தாசம்மைக்கு கொள்ளாம். சண்டைன்னா அவன் கண்ணு பாத்து மிண்ட முடியாதுல்லா."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்தால் உதடு வெடிக்கிற மாதிரி வலித்தது.

போதகர் எழுந்தார். எங்கள் இருவர் பெயரையும் வாசித்தார். "இந்த விவாகத்துக்கு நியாயமான தடை யாருக்காவது உண்டானால், இப்போதே எழுந்து சொல்லவேண்டும்" என்றார். சிலர் திரும்பி வாசலைப் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில் என் காலர் மடிப்பில் இருந்த ஒரு முசிறு பிடரியில் கடித்தது.

"ஆ!" என்று கையைத் தூக்கிக்கொண்டு துள்ளி எழுந்துவிட்டேன்.

சபை முழுவதும் என்னைப் பார்த்தது. போதகர் கண்ணாடியைக் கழற்றினார். "உமக்குத் தடை உண்டோ?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். இரண்டாவது எறும்பு கடித்தது. மறுபடி கை மேலே போயிற்று. செல்லையன் பின்வரிசையில் இருந்து பாய்ந்து வந்து என் சட்டையைப் பிடித்தான்.

"எவம்லே நீ? காட்டாக்கடைக்காரன் அனுப்பினானா?"

"ன்னான்... மாப்ளை" என்றேன்.

"மாப்பிளையா? மாப்பிளை எதுக்குலே ஓலை வாசிக்கிற அன்னு இஞ்ச வாறான்? நேசையனுக்க மொகம் எனக்குத் தெரியாதா?"

அவன் சொன்னது சரிதான். அந்த முகம் அப்போது என்னிடம் இல்லை. போதகரும் பதிவுப் புத்தகத்தை மூடி, "ஒரு தடை எழுந்திருக்கிறது. விசாரிக்காமல் நான் எழுத முடியாது" என்றார். விசாரிக்க எங்கள் ஊரில் இருந்து ஆள் வர வேண்டும். பஸ் இல்லை. புதன்கிழமை லெந்து. ஈயும் எறும்பும் தாண்டி வந்து, கோயிலுக்குள் நானே என் கல்யாணத்துக்குத் தடை சொல்லிவிட்டேன்.

"அண்ணா" என்று பக்கத்து ஜன்னலில் இருந்து ஒரு குரல் வந்தது. "அவரத் தலை குனியச் சொல்லுங்க."

தாசம்மாள். பெண்ணும் அன்று கோயிலுக்கு வரக்கூடாது. சீட்டு வந்ததா என்று பொறுக்கமுடியாமல் வெளியே ஜன்னலில் வந்து நின்றிருக்கிறாள். செல்லையனுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. ஆனால் குனிவது எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை. குனிந்தேன்.

அவள் உள்ளே வந்தாள். அவள் காலைத்தான் பார்த்தேன். என் உச்சந்தலைக்கு மேலே குரல் கேட்டது.

"ரெண்டு சுழி. ஒண்ணு வலத்த திரியுது, ஒண்ணு இடத்த திரியுது. நடுவில ஒத்த வெள்ள முடி. இவருதான்."

"ஒனக்கு எப்பிடிட்டீ தெரியும்?" என்றான் செல்லையன்.

"முக்கா மணிக்கூறு அதத்தானே எனக்குக் காட்டிட்டு இருந்தாரு! வேற எத்தப் பாக்க?"

கோயில் சிரித்தது. போதகரும் சிரித்துவிட்டு இருமினார். பின்னால் இருந்த பெண் விடவில்லை. "ரெட்டச் சுழியா? அப்போ ரெண்டு கல்யாணம் உண்டே தாசம்மா!"

"உண்டும்னா ரெண்டையும் என்னயே கெட்டட்டும்" என்றாள் அவள்.

போதகர் என்னைப் பார்த்து, "தடை?" என்றார். நான் சபை முன்னால் தெளிவாக, வீங்கிய உதட்டை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இல்லை" என்றேன். அவர் எழுதினார்.

திங்கட்கிழமை சாலை திறந்தது, அக்காவும் ஆட்களும் வந்தார்கள். செவ்வாய்க்கிழமை வீக்கம் வற்றிவிட்டது. கல்யாணம் முடிந்து பந்தலில் உட்கார்ந்தபோது நான் துணிந்து தலையைத் தூக்கினேன். அவளுக்கு இடது கன்னத்தில் ஒரு சின்ன மரு இருக்கிறது. அவளும் என் முகத்தை முதல் தடவையாக முழுதாகப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை இருந்த மொகம் தான் கொள்ளாம்" என்றாள்.

பானையில் மிஞ்சியிருந்த பாணி, பந்தியில் பாயசத்துக்குப் போதவில்லை. ஆளுக்கு ஒரு விரல் தொட்டு நக்கினார்கள்.

இன்று காலை அக்கா இந்த வருடத்து முதல் பாணியை இறக்கினாள். பதம் முற்றும்வரை தாசம்மாள் அடுப்பை விட்டு எழுந்திருக்கவில்லை. நாளை அதைக் கொண்டு எல்லை தாண்டிப் போகிறோம். பானை அவள் மடியில் இருக்கும். கேரியரில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, நொச்சிக் கிளையால் ஈ ஓட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள். மட்கார்டு போட்டுவிட்டேன்.

கொல்லம் 1132, தை மாதம் 20, சனிக்கிழமை.